காப்புக் கட்டிய கோல்கீப்பர்

உங்கள் கழுத்தில் தொங்குகிற விசில்கள் எல்லாம் புதிதாக மின்னுகின்றன. பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. உங்களில் ஒருவர் ஹாக்கி, ஒருவர் கூடைப்பந்து, ஒருவர் ஓட்டப்பந்தயம் என்று தனித்தனியாகப் பயிற்சி கொடுக்கப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் நான் கல்லூரி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சொகுசு கிடையாது. மழைக்காலத்தில் கால்பந்து, பனிக்காலத்தில் கிரிக்கெட், மாசியில் ஹாக்கி, நடுநடுவே சடுகுடு, ஓட்டம், தாண்டுதல், ஈட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே செம்மண் மைதானம், ஒரே வாத்தியார், பெரும்பாலும் அதே பையன்கள்.

ஊரில் என்னை டிரில் மாஸ்டர் என்பார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கும்பிடு போடுகிறவர்கள் எனக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கணக்கு வாத்தியாருக்கு விடையைச் சரிபார்க்க ஒரு ராத்திரி முழுக்க அவகாசம் உண்டு. நமக்கு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விடை சொல்ல வேண்டும், அதுவும் நாலாயிரம் கண் பார்க்க. இந்த வேலையில் கஷ்டமானது அதுதான். பந்தை எப்படி அடிப்பது என்பதை எவரும் சொல்லிக்கொடுத்துவிடலாம். நான் அதைப் பற்றிப் பேச வரவில்லை.

யுத்த காலத்தில் ஒரு மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அதில் எனக்குத் தெரிந்த எல்லாம் இருக்கிறது.

அப்போது எங்கள் ஹாக்கி அணியில் சுப்பையா என்று ஒரு கோல்கீப்பர். வல்லத்திராக்கோட்டையில் விவசாயக் குடும்பம். புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அவனை நான் கண்டுபிடித்தது ஹாக்கி மைதானத்தில் இல்லை. ஹாஸ்டலுக்குப் பின்னால் பையன்கள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அடித்த புள் விர்ரென்று எழும்பி நேரே முகத்துக்கு வந்தது. நின்றவர்கள் எல்லோரும் கண்ணை இறுக்கி மூடித் தலையை ஒதுக்கினார்கள். இவன் மட்டும் கண்ணைத் திறந்தபடியே கையை நீட்டி அதைப் பிடித்தான். பிடித்ததைவிட, அந்தக் கண் மூடாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாள் அவன் காலில் பேடு கட்டிவிட்டேன். மட்டையை எப்படிப் பிடிப்பது என்று அதற்குப் பிறகுதான் கேட்டான்.

இன்னொருவன் சையது. டவுன் பையன், எங்கள் கேப்டன். ஹாக்கியில் கோலுக்கு முன்னால் நிற்கிற பேக் ஆடுவான், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். வாய் கொஞ்சம் நீளம். சுப்பையாவும் அவனும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதம்.

அந்த வருஷம் திருச்சியில் நடந்த கல்லூரிகளின் ஹாக்கிப் போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அதற்கு முன் அந்த இடத்தை எங்கள் கல்லூரி எட்டியதே இல்லை. வெறுங்காலோடு சரளையில் ஆடிப் பழகிய பையன்கள், திருச்சிப் புல்தரையில் பறந்தார்கள். சமஸ்தானத்தான் வந்துட்டான் என்று கேலி செய்த கூட்டம் அரையிறுதி முடிந்தபோது வாயை மூடிக்கொண்டது. எங்கள் பிரின்ஸ்பாலுக்கு ஒரே சந்தோஷம். கோப்பையை வைக்கத் தன் அறையில் ஒரு அலமாரியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். எனக்கோ அப்போது வேலை உறுதியாகாத நிலை. கோப்பை வந்தால் வேலையும் நிலைத்துவிடும் என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

இறுதி ஆட்டம் வியாழக்கிழமை காலை. அதற்கு முந்தின வாரம் சுப்பையா மைதானத்து ஓரத்தில் வந்து நின்றான். பேடை அவிழ்க்காமல் நின்றதிலேயே ஏதோ விஷயம் என்று தெரிந்தது.

"சார், செவ்வாக்கெழம ஊருல அம்மனுக்குக் காப்புக் கட்டுறாங்க."

உங்களில் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழா தொடங்கும் நாளில் அம்மனுக்கு மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அது கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், திருவிழா முடியும்வரை பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்து படுத்துவிட வேண்டும். வெளியூரில் தங்க வேண்டியவர்கள் காப்புக் கட்டுவதற்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார்கள்.

"நீ ஹாஸ்டல்லயே இருந்துக்கயேன். ஊருக்குப் போனாத்தானே கட்டுப்பாடு?" என்றேன்.

"இந்த வருசம் எங்க வீட்டு முறை சார். மொதக் கொடம் தண்ணி நாங்கதான் எடுக்கணும். எங்கப்பாவுக்கும் எனக்கும் கையிலயே கட்டிருவாங்க."

அவன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முடிவை என் தலையில் வைத்துவிட்டு நின்றான். ஆட்டக்காரன் அப்படி நிற்கும்போது அவனிடம் மேலே கேள்வி கேட்காதீர்கள். கேட்க வேண்டிய இடத்துக்கு நீங்களே போங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போனேன்.

அவன் அப்பா கருப்பையா கிணற்றடியில் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மழை பொய்த்து, கிணற்றில் அடித் தண்ணீர்தான் கிடந்தது. என்னைப் பார்த்ததும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க வாத்தியாரய்யா. நெழலுக்கு வாங்க. பய ஏதும் வம்பு பண்ணிட்டானா?"

"வம்பெல்லாம் இல்லீங்க. வியாழக்கெழம அவன திருச்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். அதான் ஒங்களக் கேக்க வந்தேன்."

"சொன்னான். காலையில ஆட்டமின்னான். சரி, ராத்திரி?"

"ராத்திரி இங்க இருப்பான்."

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வாத்தியாரய்யா, ஒங்க பந்து மட்டையெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ஊருக்குப் பதில் சொல்றவன் நானு. முன்ன ஒரு வீட்டுல ஒருத்தன் யாவாரத்துக்குப் போனவன் ராத் தங்கிட்டான். அந்தக் கோடையில ஊருல அம்ம போட்டுருச்சு. இன்னைக்கும் அந்த வீட்டுல யாரும் பொண்ணு எடுக்கல, குடுக்கல. இந்த வருசம் மழ வேற இல்ல. எவன் வீட்டுப் புள்ளைக்குக் காச்ச வந்தாலும் எங்க வீட்டத்தான் பாப்பாங்க. எனக்கு ஒரு மக இருக்கு, கட்டிக் குடுக்கணும்."

"புரியுதுங்க."

"ராத்திரி எல்லைக் கல்லுகிட்ட கொட்டு அடிப்பாங்க. அப்ப அவன் கல்லுக்கு இங்கிட்டு நிக்கணும். நிப்பான்னு யாரு சொல்றா, அவனா, நீங்களா?"

"நான் சொல்றேன்."

"அப்பச் சரி. மோர் குடிச்சிட்டுப் போங்க."

எனக்கு அந்தக் கயிற்றில் நம்பிக்கை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். பிரின்ஸ்பால் பிறகு கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், அந்தக் குடும்பம் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். அது முழுக்க நிஜம். அதற்கு நான் பொறுப்பு ஏற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடியுமுன் சுப்பையா மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு ஊரிலிருந்து நேரே வந்து சேர்ந்தான். சமஸ்தான எல்லைச் சாவடியைத் தாண்டித் திருச்சி மைதானத்தில் போய் இறங்கினால், அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் பிற்பகலுக்குத் தள்ளிப் போய்விட்டதாம். பரிசு கொடுக்க வருகிற பெரிய மனிதருக்குக் காலையில் சௌகரியப்படவில்லையாம். நான் போட்டி நடத்துகிறவர்களிடம் போய் முடியாது என்றேன். அவர்கள் மாலைக்கு ரோஜாவா சம்பங்கியா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் திரும்பி, அப்படியானால் நீங்கள் ஆடவில்லை என்று அறிவித்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

பெட்ரோல் கிடைக்காத காலம். கார் வைத்திருந்தவர்களே அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். சாயங்கால ரயிலை யுத்தத்துக்காக எடுத்துவிட்டார்கள். ஆடிக் களைத்த உடம்பு சைக்கிள் மிதித்துச் சேருகிற தூரமும் இல்லை. புதுக்கோட்டைக்கு இருந்தது ஒரே ஒரு கரி பஸ். பின்னால் அடுப்பு வைத்துக் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற பஸ். அது சாயங்காலம் கிளம்பிவிட்டால் அடுத்தது மறுநாள் காலையில்தான். அதைப் பிடித்தால், புதுக்கோட்டையில் இறங்கி ஹாஸ்டல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கொட்டு அடிப்பதற்குள் சுப்பையா ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்த பஸ் டிரைவர் ஆறுமுகம் எங்கள் ஊர்க்காரர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மைதானத்து ரோட்டுல வந்து நிக்கிறேன் சார். ஆனா ரொம்ப நேரம் நிக்க ஏலாது. அடுப்பு அவிஞ்சுட்டா மறுபடி பத்த வச்சு ஆவி பிடிக்கிறதுக்குள்ள இருட்டிப்போகும். ஜனங்களும் ஏறி உக்காந்திருப்பாக. ஆட்டம் முடிஞ்ச கையோட ஆள அனுப்பிருங்க."

ஆட்டம் முடிகிற நேரமும் பஸ் வருகிற நேரமும் ஒட்டி வந்தன. சுப்பையாவிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். பெஞ்சில் அவன் துணி மூட்டையைத் தயாராகக் கட்டி வைத்தோம்.

ஆட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அதற்கப்புறம் திருச்சிக்காரர்கள் எங்கள் கோல் முன்னாலேயே குடியிருந்தார்கள். சுப்பையா அன்றைக்கு நின்ற மாதிரி நான் எந்தக் கோல்கீப்பரும் நின்று பார்த்ததில்லை. எதிரணிக் கூட்டமே அவனுக்குக் கை தட்டியது. பந்தலில் பிரின்ஸ்பால் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அப்போது ரோட்டில் பஸ் வந்து நின்றது. ஆறுமுகம், தான் வந்துவிட்டதைச் சொல்ல, ஹாரனை அழுத்தினார். சுப்பையாவின் கண் ரோட்டுப் பக்கம் போனது. கண் சிமிட்டும் நேரம்தான். திரும்பியபோது பந்து அவன் பேடுக்கும் கம்பத்துக்கும் நடுவே போய்விட்டது.

ஆறுமுகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்தபடி வந்தார். சுப்பையாவையும் குறை சொல்ல மாட்டேன். முகத்துக்கு நேரே புள் பறந்து வந்தபோது அசையாத கண், அப்பன் பேரும் தங்கச்சி கல்யாணமும் ஹாரன் அடித்தபோது அசைந்துவிட்டது. அசையாமல் இருந்திருந்தால்தான் அவனைப் பற்றி நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஆட்டம் சமமாக முடிந்தது. கூடுதல் நேரம் ஆட வேண்டும் என்று நடுவர் அறிவித்தார். எங்களுக்குக் கிடைத்தது தண்ணீர் குடிக்கிற அவகாசம்தான். அந்தக் காலத்தில் ஹாக்கியில் மாற்று ஆள் கிடையாது. ஒருவன் வெளியே போனால் மீதிப் பேர்தான் ஆட வேண்டும்.

பையன்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரோட்டில் பஸ்ஸின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. சுப்பையா உட்காரவில்லை. முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை.

"சார், நான் போகல. நான்தான் விட்டேன். நானே நின்னு காப்பாத்திக் குடுக்குறேன்."

"அப்பாவுக்கு?"

"அப்பா திட்டுவாரு. திட்டட்டும். எம்மேல தப்புன்னு நானே ஊருல சொல்லிக்கிறேன்."

சையது அவனுக்குப் பரிந்து வந்தான். "இன்னுங் கொஞ்ச நேரந்தானே சார். பஸ்ஸ நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. இல்லாட்டி விடிகாலையில போயிட்டாப் போச்சு. ஒரு ராத்திரியில என்ன ஆயிரும்?"

மற்றவர்களும் என் முகத்தையே பார்த்தார்கள். பந்தலில் இருந்து பிரின்ஸ்பாலும் எட்டிப் பார்த்தார். ஹாரன் மறுபடி அடித்தது. இந்த முறை சுப்பையா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். திரும்பாமல் இருக்க அவன் படுகிற பாடு அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது. எனக்கு முடிவு அங்கேதான் கிடைத்தது.

கவனியுங்கள். அவன் ஆடுகிறேன் என்கிறான். அவன் வயது வந்த ஆள். அவன் அப்படிச் சொல்லிவிட்டதால் பாரம் என்னைவிட்டு இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக வழி இருந்தது. நமக்கு அடிக்கடி இந்த வழி கிடைக்கும். கால் வீங்கியவன் ஓடுகிறேன் என்பான், காய்ச்சல்காரன் ஆடுகிறேன் என்பான். தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில் இளம் வயதுக்காரன் எதையும் கொடுத்துவிடுவான். அதை வாங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அங்கே ஒரு பெரியவனை நிற்க வைத்திருக்கிறார்கள்.

"ஆட்டம் ஒன்னோடது, சுப்பையா. வாக்கு என்னோடது. பேட அவுரு. கெளம்பு."

"சார்..."

"கெளம்புன்னேன்ல."

அவன் அசையவில்லை. சையது என்னை ஒரு முறை முறைத்தான். பிறகு குனிந்து அவன் காலில் இருந்த பேடின் வாரைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தான்.

"போடா. சார் சொல்லிட்டாருல்ல. நான் நிக்கிறேன் கோலுல. கிரிக்கெட்டுல கட்டாத பேடா? நீ அழுதுகிட்டு பஸ்ஸுல போகாத, பாக்க நல்லாருக்காது."

கோலுக்கு யார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததற்கும் அவனே பதில் சொல்லிவிட்டான். விக்கெட் கீப்பருக்குக் குனிந்து நிற்கவும் தெரியும், பந்து கைக்கு வருகிறவரை காத்திருக்கவும் தெரியும். ஒரே பையன்களை வைத்து எல்லா ஆட்டமும் ஆடியதில் எனக்குக் கிடைத்த லாபம் அது. ஒருவனுக்கு இன்னொரு ஆட்டம் தெரியும் என்பது நெருக்கடியில் கைகொடுக்கும். நீங்கள் உங்கள் பையன்களைத் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

சுப்பையா மூட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான். எல்லைக் கோட்டைத் தாண்டும்போது ஒரு தரம் நின்றான். நான் விசிலை ஊதினேன். அதற்குப் பிறகு நிற்காமல் போய் பஸ்ஸில் ஏறினான். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்து ஓடுகிறான் என்று யாரோ கூச்சல் போட்டார்கள். எனக்கு அவர்கள் நடுவில் போய் நாலு அறை விட வேண்டும் போல இருந்தது.

பத்துப் பேரோடு ஆடினோம். கூடுதல் நேரத்தின் முதல் பாதி முழுக்கச் சையது தாங்கினான். கையால், மார்பால், ஒரு முறை தாடையால் கூடத் தடுத்தான். கடைசியில் ஒரு பந்து அவனைத் தாண்டிப் போனது. அத்தோடு கோப்பையும் போனது. பையன்கள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கும் அவர்களோடு உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. தோற்றால் வலிக்காது என்று சொல்கிற பயிற்சியாளரை நம்பாதீர்கள். அவர் வேறு வேலை பார்க்கலாம்.

மறுநாள் மத்தியானம் சுப்பையா கல்லூரிக்கு வந்தான். சையதின் வீங்கிய தாடையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். என்னிடம் வந்து ஒரே வாக்கியம்தான் சொன்னான்.

"கொட்டு அடிக்கயில கல்லத் தாண்டிட்டேன் சார்."



பிரின்ஸ்பால் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் அந்த அலமாரி காலியாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு கிராமத்துக் கயிற்றுக்காகக் கல்லூரியின் கௌரவத்தை விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு அதில் எல்லாம் நம்பிக்கை உண்டா?"

"நம்பிக்கை அவங்களுக்கு இருக்கு சார். அவங்க என்னை நம்பித்தான் பையனை அனுப்பினாங்க."

"பையனே ஆடத் தயாராக இருந்தான் என்று கேள்விப்பட்டேன்."

"ஆமா சார். அதனாலதான் நான் முடிவு எடுக்க வேண்டியதாப் போச்சு."

"அவன் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம்."

"இருந்திருக்க மாட்டான் சார். அவன் உடம்புதான் கோலுக்குள்ள நின்னிருக்கும்."

அவர் மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். என் வேலையை உறுதி செய்வதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். நான் சரி என்று வந்துவிட்டேன். வீட்டில் என் மனைவி, வாயைக் கொஞ்சம் அடக்கிப் பேசியிருக்கலாமே என்று கேட்டாள். அடக்கித்தான் பேசினேன் என்றேன். அவள் நம்பவில்லை.

அடுத்த வருஷம் வந்தது. சுப்பையாவுக்குக் கடைசி வருஷம். எனக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை. அணி நன்றாக அமைந்திருந்தது. சுப்பையாவுக்கு நான் பந்தைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பயிற்சியின்போது ரோட்டில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் அவன் கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போய் வந்தது. நான் பார்த்தது அவனுக்கும் தெரியும்.

தை கடைசியில் ஒரு நாள் மைதானத்துக்கு பியூன் ஓடி வந்தான். பிரின்ஸ்பால் உடனே வரச் சொல்கிறாராம். போனால், அவர் அறையில் கருப்பையாவும் வல்லத்திராக்கோட்டைப் பெரியவர்கள் சிலரும் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை. எதிரில் பிரின்ஸ்பால் குழம்பிப் போய் உட்கார்ந்திருந்தார்.

"வாருங்கள். இவர்கள் போட்டித் தேதியைக் கேட்கிறார்கள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை."

கருப்பையா எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லீங்க. போன வருசம் இந்த வாத்தியாரய்யா எங்க ஆத்தா காப்புக்காக ஒங்க ஆட்டத்த விட்டுக் குடுத்தாரு. பய அன்னைக்கு ராத்திரி வந்து எல்லாத்தையும் சொல்லி அழுதான். ஊருல எல்லாருக்கும் தெரியும். அதனால இந்த வருசம் நாங்க கூடிப் பேசினோம். ஆட்டம் என்னைக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, அது முடிஞ்சு வார செவ்வாக்கெழம காப்புக் கட்டிக்கிறோம்."

"திருவிழாத் தேதியை அப்படி மாற்றலாமா?" என்றார் பிரின்ஸ்பால்.

"ஆத்தாகிட்டப் பூப்போட்டுக் கேட்டுட்டோமுங்க. சரின்னுட்டா." பிறகு கொஞ்சம் தயங்கி, "மக கல்யாணமும் அப்பறந்தான் வச்சிருக்கோம். ரெண்டு பேரும் வரணும்" என்றார்.

பிரின்ஸ்பால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து நின்று, அவரே தேதியைச் சொன்னார். அவர்கள் போன பின் என்னிடம் வேறொன்றும் பேசவில்லை. வேலை உறுதியானது என்று அந்த வாரமே எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் பெருமைப்பட்டேனா என்றால், ரொம்பவே பெருமைப்பட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். எனக்குப் பாட வராது.

அந்த வருஷமும் இறுதி ஆட்டம் திருச்சியில், அதே அணியோடு, அதே போலப் பிற்பகலில். வல்லத்திராக்கோட்டையே திரண்டு வந்திருந்தது. காப்புக் கட்டாததால் ராத் தங்கலாம் என்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கருப்பையா பந்தலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். கோலுக்குப் பின்னால், மகனுக்கு நேர் பின்னால், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்டம் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. பந்து எங்கே போனாலும் அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் போலவே ஒரு கோல் முன்னால் இருந்தோம். போன வருஷம் போலவே அவர்கள் எங்கள் கோலுக்கு முன்னால் குவிந்தார்கள். கடைசி நேரத்தில் அவர்களுக்கு, கோலைப் பார்த்து நேரே அடிக்க வழி தருகிற ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அவர்கள் பந்தைத் தள்ளத் தயாராக நிற்கும்போது ரோட்டில் ஆறுமுகத்தின் கரி பஸ் வந்தது. வழக்கம்போல ஹாரன் அடித்தது.

சுப்பையாவின் தலை அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியதை நான் பார்த்தேன். அதற்குள் கோலுக்குப் பின்னால் இருந்து, வயலில் மாட்டை அதட்டுகிற குரலில், கருப்பையா ஓர் அதட்டல் போட்டார்.

"அங்கிட்டு என்னடா பார்வ? நாம காலையிலதான் போறோம். பந்தப் பாரு."

சுப்பையா பந்தைப் பார்த்தான்.